பார்வையாளர் கூச்சலும் வீரரின் பொறுமையும் – ஒரு வரலாற்றுப் பார்வை

விளையாட்டு வீரனுக்கு எதிரி ஒருவன் அல்ல, இருவர். ஒருவன் எதிரணியில் இருக்கிறான். இன்னொருவன் வேலிக்கு அப்பால் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எதிரணிக்காரனைப் பந்தாலும் மட்டையாலும் வென்றுவிடலாம். வேலிக்கு அப்பால் இருந்து வசைபாடுபவனை, பழத்தோலையும் செருப்பையும் எறிபவனை என்ன செய்வது? திருப்பி அடித்தால் வீரனுக்குத் தண்டனை. பேசாமல் இருந்தால் அவன் கோழை என்று பெயர். ஆட்டத்தை விட்டு வெளியேறினால் ஓடிவிட்டான் என்பார்கள். இந்த மூன்றுக்கும் நடுவே வீரர்கள் என்ன வழி கண்டார்கள் என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மல்லன் பெயரில் ஒரு கடற்கரை

செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரையில் இருக்கும் மாமல்லபுரம் ஒரு விளையாட்டு வீரனின் பட்டப்பெயரைத் தாங்கிய ஊர் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு 'மாமல்லன்' என்று பெயர். மாமல்லன் என்றால் பெரிய மல்லன், அதாவது மற்போரில் சிறந்தவன். வாதாபியை வென்ற அரசனுக்கும் மல்லன் என்ற பெயர் பெருமையாக இருந்திருக்கிறது.

மல்லனைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பற்றி அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழில் பதிவு இருக்கிறது. உறையூர் இளவரசன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூரில் ஒரு மல்லனோடு மோதி வென்றதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அதே இளவரசனைப் பற்றிப் பாடிய பெண்பாற் புலவர் நக்கண்ணையார் களத்தை விட்டுவிட்டுக் கூட்டத்தைக் கவனிக்கிறார். அவர் சொல்லும் செய்தி இது: இந்த ஊர் என் தலைவனுடைய ஊர் அல்ல, இந்த நாடும் அவனுடையது அல்ல, அதனால் கூட்டத்தில் ஒரு சாரார் வெற்றி அவனுக்கே என்கிறார்கள், இன்னொரு சாரார் இல்லை என்கிறார்கள். நக்கண்ணையார் ஓடிப்போய் பனைமரத்தின் அருகே நின்று பார்க்கிறார். அவன் வென்றுவிட்டான்.

வெளியூரில் ஆடும் வீரன், இரண்டாகப் பிரிந்து கத்தும் கூட்டம். இன்றைய மைதானத்துக் காட்சி சங்க காலத்திலேயே இருந்திருக்கிறது. அந்தக் கூட்டம் வாயால் மட்டும் பேசியது என்பதுதான் வேறுபாடு.

கை ஓங்கியவர்கள்

கூட்டத்தின் மீது கோபப்பட்டுக் கை ஓங்கிய வீரர்களின் கதை ஒவ்வொரு நாட்டிலும் உண்டு. சிலவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம்.

1980-81ல் மேற்கிந்தியத் தீவுகள் அணி பாகிஸ்தானில் ஆடியது. முல்தான் டெஸ்டில் எல்லைக்கோட்டருகே நின்ற வேகப்பந்து வீச்சாளர் சில்வெஸ்டர் கிளார்க் மீது ஆரஞ்சுப் பழங்கள் வந்து விழுந்தன. பொறுமை இழந்த அவர் எல்லையைக் குறிக்க வைத்திருந்த செங்கல்லை எடுத்துக் கூட்டத்துக்குள் எறிந்தார். ஒரு மாணவருக்குப் பலத்த காயம். மைதானம் கொந்தளித்தது. சக வீரர் ஆல்வின் காளிச்சரண் கூட்டத்தின் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டபிறகே நிலைமை அடங்கியது. கிளார்க்குக்கு மூன்று ஆட்டங்களில் ஆடத் தடை விதிக்கப்பட்டது.

1995 ஜனவரி 25 அன்று லண்டனில் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து வீரர் எரிக் கான்டோனா சிவப்பு அட்டை வாங்கி வெளியே நடந்து வந்தார். தன்னை ஏசிய பார்வையாளரை நோக்கி வேலியைத் தாண்டிப் பாய்ந்து உதைத்தார். செப்டம்பர் இறுதிவரை அவர் ஆட முடியவில்லை. நீதிமன்றம் முதலில் இரண்டு வாரச் சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது 120 மணி நேரச் சமூக சேவையாக மாற்றப்பட்டது.

1997 செப்டம்பர் 14 அன்று கனடாவின் டொரான்டோ நகரில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடிய சஹாரா கோப்பை ஆட்டம். ஒலிபெருக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் பாகிஸ்தானின் இன்சமாம் உல் ஹக்கை 'ஆலு' (உருளைக்கிழங்கு) என்று விடாமல் கிண்டல் செய்துகொண்டிருந்தார். எல்லைக்கோட்டருகே நின்றிருந்த இன்சமாம் ஒரு மட்டையை வரவழைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஏறிவிட்டார். மட்டையைப் பிடுங்கி அவரை இழுத்து வருவதற்குள் பெரும்பாடாகிவிட்டது. இரண்டு ஆட்டங்களுக்குத் தடை கிடைத்தது.

2004 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த கூடைப்பந்து ஆட்டத்தில் ரான் ஆர்டெஸ்ட் மீது ஒருவர் குளிர்பானக் கோப்பையை வீசினார். ஆர்டெஸ்ட் இருக்கைகளுக்குள் பாய்ந்தார். அடி விழுந்தது வீசியவருக்கு அல்ல, பக்கத்தில் இருந்த வேறொருவருக்கு. அதன்பிறகு நடந்த கைகலப்பில் இரு அணி வீரர்களும் ரசிகர்களும் கலந்துகொண்டார்கள். ஆர்டெஸ்ட் அந்தப் பருவம் முழுவதும், மொத்தம் 86 ஆட்டங்களில், ஆட முடியாமல் போனது.

இந்த நான்கிலும் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. முதலில் தவறு செய்தது பார்வையாளர்தான். ஆனால் வரலாற்றில் நிலைத்துவிட்டது வீரரின் பெயர். கோப்பையை வீசியவர், ஒலிபெருக்கியில் கத்தியவர் பெயரெல்லாம் யாருக்கும் நினைவில்லை. கூட்டத்தில் இருப்பவனுக்கு முகம் கிடையாது, வீரனுக்கு முகம் உண்டு. அந்த முகம்தான் தண்டனையையும் வாங்கிக்கொள்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோபத்தில் வீசிய கல்லும் கையும் குறி தவறி வேறு யார் மீதாவதுதான் விழுகின்றன.

ஒதுங்கிப் போனவர்கள்

கை ஓங்காமல் ஒதுங்கிவிடுவது இன்னொரு வழி. சுனில் கவாஸ்கர் இதற்கு நல்ல உதாரணம். 1984 டிசம்பர் 31ல் தொடங்கிய இங்கிலாந்துக்கு எதிரான கல்கத்தா டெஸ்டில் கபில்தேவ் அணியில் இல்லை. கேப்டன் கவாஸ்கர்தான் காரணம் என்று கூட்டம் முடிவு கட்டியது. ஆட்டம் முழுவதும் கோஷமும் கிண்டலும். இனி இந்த மைதானத்தில் ஆடமாட்டேன் என்று அவர் தீர்மானித்தார். 1987 பிப்ரவரியில் பாகிஸ்தானோடு அங்கே டெஸ்ட் வந்தபோது சொன்னபடியே விலகிக்கொண்டார். தொடர்ச்சியாக 106 டெஸ்டுகள் ஆடியிருந்த அவருடைய சாதனை அத்தோடு முறிந்தது. அதே தொடரில் அடுத்த மாதம் அகமதாபாத்தில் அவர் 10,000 ரன்களைக் கடந்தார். அந்த அகமதாபாத் டெஸ்டிலும் கல் வீச்சு நடந்தது. எல்லைக்கோட்டருகே நின்ற பாகிஸ்தான் வீரர்கள் தலைக்கவசம் அணிந்து ஃபீல்டிங் செய்தார்கள்.

அமைதிக்குப் பெயர்போன சதுரங்கத்திலும் இது உண்டு. 1972ல் ஐஸ்லாந்தில் நடந்த உலகப் போட்டியில் பாபி ஃபிஷர் கேமராக்களும் பார்வையாளர்களும் எழுப்பும் சத்தத்தைப் பற்றி ஓயாமல் புகார் செய்தார். முதல் ஆட்டத்தில் தோற்றார். இரண்டாவது ஆட்டத்துக்கு வரவே இல்லை. மூன்றாவது ஆட்டத்தைப் பார்வையாளர் இல்லாத ஒரு பின்னறையில் வைத்தபிறகுதான் ஆடி வென்றார். கடைசியில் பட்டமும் அவருக்கே.

அதே சதுரங்கத்தின் 44வது ஒலிம்பியாட் 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் நடந்தது. ரஷ்யாவில் நடக்க இருந்த போட்டி, உக்ரைன் போருக்குப்பின் இங்கே மாற்றப்பட்டது. மல்லன் பெயரில் உள்ள ஊரில் மூளையால் மல்லுக்கட்டினார்கள். ஓபன் பிரிவில் உஸ்பெகிஸ்தான் தங்கமும், இந்தியாவின் இரண்டாவது அணி வெண்கலமும் வென்றன. சதுரங்கத்தில் விதியே பார்வையாளரின் வாயைக் கட்டிவிடுகிறது. நடக்கும் ஆட்டத்தைப் பற்றி அரங்கில் பேசக் கூடாது, குறுக்கிடக் கூடாது, மீறினால் நடுவர் வெளியேற்றலாம். மாமல்லபுரத்தில் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்ற குகேஷ், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனபோது ஒலிபுகாத கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துதான் ஆடினார்.

ஆனால் கிரிக்கெட் மைதானத்தைக் கண்ணாடிக்குள் வைக்க முடியாது. கூட்டத்தின் சத்தம் அந்த ஆட்டத்தில் ஒரு பகுதி. எல்லைக்கோட்டில் நிற்கும் வீரனுக்கும் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் இடையே சில அடி தூரம்தான். அதிலும் அந்த வீரன் பெரும்பாலான நேரம் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். பின்னாலிருந்து எது வந்தாலும் அவனுக்குத் தெரியாது.

வெங்கட்ராகவனும் 1969 பம்பாயும்

தமிழ்நாட்டு வீரர் ஒருவரை முன்னிட்டே ஒரு மைதானம் எரிந்த கதை உண்டு. 1969 நவம்பரில் பம்பாய் பிராபோர்ன் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட். இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா தடுமாறிக்கொண்டிருந்தது. அஜித் வடேகரும் சென்னையைச் சேர்ந்த எஸ். வெங்கட்ராகவனும் தாக்குப்பிடித்தார்கள். அப்போது விக்கெட் கீப்பர் பிடித்த பந்துக்கு வெங்கட்ராகவன் அவுட் என்று நடுவர் அறிவித்தார். பந்து மட்டையில் படவில்லை என்று வானொலி வர்ணனையாளர் சொல்லிவிட்டார். டிரான்சிஸ்டர் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு ஆட்டம் பார்த்த காலம் அது. அந்த வார்த்தை மைதானம் முழுவதும் பரவியது. பாட்டில்கள் பறந்தன, நாற்காலிகளும் பந்தல் துணிகளும் எரிந்தன.

வெங்கட்ராகவன் தீர்ப்பை ஏற்று வெளியேறிவிட்டார். ஆஸ்திரேலியக் கேப்டன் பில் லாரி ஆட்டத்தை நிறுத்த மறுத்தார். புகை சூழ்ந்த மைதானத்தில் அன்றைய நேரம் முடியும்வரை ஆட்டம் நடந்தது. லாரியின் பிடிவாதத்தைச் சிலர் துணிச்சல் என்றார்கள், சிலர் திமிர் என்றார்கள். அதே சுற்றுப்பயணத்தில் கல்கத்தாவில் கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியபோது, படம் எடுக்க வந்த புகைப்படக்காரர் ஒருவரை லாரி மட்டையால் தாக்கினார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. ஒரே மனிதர், ஒரே பயணம். ஓரிடத்தில் நிதானம், இன்னோரிடத்தில் சறுக்கல். பொறுமை என்பது ஒருமுறை சம்பாதித்து வைத்துக்கொள்ளும் சொத்து அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது.

பிறகு வெங்கட்ராகவன் இந்திய அணியின் கேப்டனாகவும் இருந்தார். ஓய்வுக்குப்பின் வெள்ளைக் கோட்டு அணிந்து 73 டெஸ்டுகளில் நடுவராக நின்றார். தனக்கு எதிரான ஒரு தீர்ப்புக்காக மைதானம் எரிந்ததைப் பார்த்தவர், தீர்ப்புச் சொல்லும் இடத்திலேயே போய் நின்றது வரலாற்றின் விநோதங்களில் ஒன்று.

முத்தையா முரளிதரன்

கூட்டத்தின் கூச்சலை மிக நீண்ட காலம் தாங்கிய தமிழர் யார் என்றால் முரளிதரன் என்று தயங்காமல் சொல்லலாம். 1972ல் கண்டியில் பிறந்தவர். தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போன குடும்பம். தந்தை பிஸ்கட் தொழிற்சாலை வைத்திருந்தார். 1977 கலவரத்தில் அது தீக்கிரையானது. கும்பல் என்றால் என்ன என்பதை ஐந்து வயதிலேயே அறிந்தவர் முரளி.

1995 டிசம்பர் 26, மெல்போர்ன். ஆஸ்திரேலிய நடுவர் டாரல் ஹேர், முரளியின் பந்துவீச்சை எறிதல் என்று சொல்லி மூன்று ஓவர்களில் ஏழு முறை 'நோ பால்' கொடுத்தார். பல்லாயிரம் பேர் முன்னிலையில் ஒரு வீரனை ஏமாற்றுக்காரன் என்று அறிவிப்பதற்குச் சமம் அது. முரளி வாக்குவாதம் செய்யவில்லை. மறுமுனைக்கு மாறி, இன்னொரு நடுவர் நின்ற பக்கத்திலிருந்து தொடர்ந்து பந்து வீசினார். அங்கே நோ பால் வரவில்லை. அடுத்த மாதமே பிரிஸ்பேனில் வேறொரு நடுவர் ராஸ் எமர்சன் மறுபடியும் நோ பால் கொடுத்தார்.

பிறவியிலேயே முழங்கை முழுவதும் நீளாத அமைப்பு முரளியுடையது என்று பரிசோதனைகள் காட்டின. 1996ல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு அவர் வீச அனுமதிக்கப்பட்டார். ஆனால் கூட்டம் ஆய்வறிக்கை படிப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் அவர் பந்தைக் கையில் எடுத்தாலே இருக்கைகளிலிருந்து 'நோ பால்' என்ற கூச்சல் எழும். ஒவ்வொரு பந்துக்கும் அது தொடரும்.

1999 ஜனவரி 23, அடிலெய்டு. எமர்சன் மீண்டும் நோ பால் கொடுத்தார். கேப்டன் அர்ஜுன ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை அழைத்துப்போய் நிறுத்திவிட்டார். பேச்சுவார்த்தைக்குப் பின் ஆட்டம் தொடர்ந்தது. இலங்கை 303 ரன்கள் என்ற இலக்கை ஒரு விக்கெட் வித்தியாசத்தில் எட்டியது. வெற்றி பெற்றபோது களத்தில் நின்ற கடைசி ஜோடியில் முரளியும் ஒருவர்.

2004ல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹோவர்டே முரளி பந்தை எறிகிறார் என்ற கருத்தைச் சொன்னார். ஒரு நாட்டின் பிரதமரே சொன்னபிறகு கூட்டத்தை யார் அடக்குவது? அந்த ஆண்டு ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்திலிருந்து முரளி விலகிக்கொண்டார். அதே ஆண்டில் கையில் அசையாத கவசம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, தொலைக்காட்சிக் கேமராக்களின் முன் தன் பந்துகள் அத்தனையையும் வீசிக் காட்டினார். 2005ல் ஐ.சி.சி. எல்லாப் பந்துவீச்சாளர்களுக்கும் முழங்கை 15 டிகிரி வரை நீளலாம் என்ற விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முரளி மட்டுமல்ல, நேர்த்தியானவர்கள் என்று கருதப்பட்ட பலருடைய கையும் ஓரளவு நீள்கிறது என்று ஆய்வுகளில் தெரிந்ததே அதற்குக் காரணம்.

ஒதுங்கியவர் அப்படியே ஒதுங்கிவிடவில்லை என்பதுதான் முக்கியம். 2005 அக்டோபரில் உலக அணிக்காகவும், 2006 தொடக்கத்தில் இலங்கைக்காகவும் மறுபடி ஆஸ்திரேலியா போய் ஆடினார். 2008ல் ஹோபார்ட் நகரில் உணவகத்திலிருந்து விடுதிக்கு நடந்து வந்தபோது காரில் போனவர்கள் அவரையும் உடன் வந்தவர்களையும் ஏசினார்கள், முட்டை வீசப்பட்டது. அப்போதும் அவர் பயணத்தை முறித்துக்கொள்ளவில்லை. 2010 ஜூலை 22 அன்று காலியில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800வது விக்கெட்டோடு டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்றார். அதன்பிறகு அதே மெல்போர்ன் நகரத்தின் ரெனிகேட்ஸ் அணிக்காக ஆஸ்திரேலிய உள்ளூர் இருபது ஓவர் போட்டியில் ஆடினார். 'நோ பால்' என்று கத்திய ஊரில் கைதட்டல் வாங்குவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சேப்பாக்கம்: பெருமையும் கறையும்

மற்ற ஊர்க் கூட்டங்களைப் பற்றிப் பேசும்போது நம் ஊரை மறைத்துவிடக் கூடாது. செங்கல்பட்டிலிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் ரயிலிலும் பஸ்ஸிலும் போய்ப் பார்க்கும் மைதானம் சேப்பாக்கம்தான். ஆட்டம் தெரிந்த கூட்டம் என்ற நல்ல பெயர் அதற்கு உண்டு. 1997 மே 21 அன்று பாகிஸ்தானின் சயீத் அன்வர் இந்தியாவுக்கு எதிராக 194 ரன்கள் அடித்தபோது எழுந்து நின்று கைதட்டியது இந்தக் கூட்டம்.

1999 ஜனவரி 31 இன்னும் பெரிய நாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பாகிஸ்தான் அணி இந்தியாவில் டெஸ்ட் ஆட வந்திருந்தது. எதிர்ப்பாளர்கள் டெல்லி மைதானத்தின் ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டதால் முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்தது. 271 ரன்கள் இலக்கு. முதுகு வலியோடு சச்சின் 136 எடுத்து அவுட்டானபோது வெற்றிக்கு 17 ரன்களே தேவை, கையில் மூன்று விக்கெட். அதுவும் போய் 12 ரன்களில் இந்தியா தோற்றது. சற்று நேரம் மைதானமே அமைதியாக இருந்தது. பிறகு ஒரு பக்கம் தொடங்கிய கைதட்டல் சுற்றிலும் பரவியது. வாசிம் அக்ரம் தன் அணியை அழைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். வென்றவர்கள் கூட்டத்தைச் சீண்டவில்லை, தோற்ற ஊர் வென்றவர்களை ஏசவில்லை.

மூன்றே வாரத்தில் கல்கத்தாவில் அதே இரு அணிகள். ஷோயப் அக்தர் மீது மோதியதால் சச்சின் ரன் அவுட் ஆனார் என்று கூட்டம் கொதித்தது. சச்சினே மைதானத்தைச் சுற்றி வந்து அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொண்டார். அன்று அடங்கிய கூட்டம் மறுநாள் மறுபடி கிளர்ந்தது. போலீசார் பார்வையாளர்களை வெளியேற்றியபிறகு, கிட்டத்தட்ட காலியான மைதானத்தில் ஆட்டம் முடிந்தது. பாதிக்கப்பட்ட வீரனே கூட்டத்தைக் கெஞ்ச வேண்டிய நிலை அது.

சேப்பாக்கத்தின் பெருமைக்கும் பிறகு கறை விழுந்தது. 2013 மார்ச்சில், இலங்கை வீரர்கள் ஆடினால் சென்னையில் ஐ.பி.எல். ஆட்டங்களை அனுமதிக்க முடியாது என்று தமிழக அரசு அறிவித்தது. ஈழப் போரின் முடிவில் நடந்தவை பற்றிய கொந்தளிப்பு தமிழகம் எங்கும் இருந்த நேரம். மாணவர் போராட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. இலங்கை வீரர்கள் சென்னை ஆட்டங்களில் பங்கேற்க மாட்டார்கள் என்று முடிவானது. அப்போது பெங்களூர் அணியில் இருந்தவர் முரளிதரன். முன்பு மூன்று பருவங்கள் சென்னை அணிக்காகவே ஆடியவர், சென்னையில் பெண் எடுத்தவர், தமிழ் பேசுபவர். ஆஸ்திரேலியாவில் அவர் ஆட முடிந்தது, சென்னையில் ஆட முடியவில்லை. அந்தக் கொந்தளிப்பில் நியாயம் இருந்தது. ஆனால் நியாயமான கோபமும் தவறான ஆள்மீது போய் விழலாம் என்பதற்கு இது சான்று.

2018 ஏப்ரல் 10 அன்று செருப்பே விழுந்தது. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 16ல் தீர்ப்பளித்து ஆறு வாரம் கெடு கொடுத்திருந்தது. கெடு முடிந்தும் மேலாண்மை வாரியம் அமையவில்லை. டெல்டா விவசாயி தண்ணீருக்குத் தவிக்கும்போது சென்னையில் கிரிக்கெட் கொண்டாட்டமா என்று கேட்டுப் போராட்டம் நடந்தது. சாலையெங்கும் மறியல், ஆயிரக்கணக்கில் போலீசார். இரண்டு ஆண்டுத் தடைக்குப்பின் சென்னை அணி சொந்த மைதானத்துக்குத் திரும்பிய முதல் ஆட்டம் அது. எட்டாவது ஓவரின்போது எல்லைக்கோட்டில் நின்ற ரவீந்திர ஜடேஜாவின் அருகில் செருப்பு வந்து விழுந்தது. வெளியே நின்ற மாற்று வீரர்கள் அதை எடுத்து அப்புறப்படுத்தினார்கள். வீசியவர்களைப் போலீசார் பிடித்துச் சென்றார்கள்.

ஜடேஜா கூட்டத்தை நோக்கி ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு சைகை காட்டவில்லை. தன் இடத்தில் நின்று ஃபீல்டிங் செய்தார். கொல்கத்தா 202 ரன்கள் குவித்தது. சென்னை விரட்டியது. கடைசி ஓவரில் ஒரு பந்து மீதம் இருக்கும்போது சிக்ஸர் அடித்து ஆட்டத்தை முடித்து வைத்தவர் அதே ஜடேஜா.

அந்த வெற்றியோடு அந்த ஆண்டுச் சென்னை ஆட்டங்களும் முடிந்துவிட்டன. பாதுகாப்புக் கருதி மீதி ஆறு ஆட்டங்களும் புனேவுக்கு மாற்றப்பட்டன. காவிரி மேலாண்மை ஆணையம் அமைக்கும் அறிவிப்பு 2018 ஜூன் 1ல் அரசிதழில் வந்தது. அது நீதிமன்றத்தின் வழியாக வந்தது, செருப்பின் வழியாக அல்ல. குஜராத்திலிருந்து வந்து பந்து பொறுக்கும் ஒருவருக்கும் காவிரிக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு வீசியவர்களிடம் பதில் இருந்திருக்க முடியாது. இழப்பு அடைந்தது மைதான வாசலில் கொடியும் தண்ணீர் பாட்டிலும் விற்றுப் பிழைத்தவர்களும், டிக்கெட்டுக்குக் காசு சேர்த்து வைத்திருந்தவர்களும்தான்.

புகார் சொல்வதும் வீரமே

பொறுமை என்றால் வாய்மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தாங்குவது என்று பொருளல்ல. 2021 ஜனவரியில் சிட்னியில் நடந்த டெஸ்ட் இதற்கு உதாரணம். முகமது சிராஜுக்கு அது முதல் டெஸ்ட் தொடர். பயணத்தின் இடையே தந்தையை இழந்தவர், ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கி ஆடிக்கொண்டிருந்தார். எல்லைக்கோட்டில் நின்ற அவரைக் கூட்டத்திலிருந்து சிலர் கேவலமாக ஏசினார்கள். ஜனவரி 10 அன்று மறுபடியும் அது நடந்தபோது சிராஜ் நேராகக் கேப்டன் ரஹானேவிடம் போனார். ரஹானே நடுவர்களிடம் சொன்னார். ஆட்டம் சுமார் பத்து நிமிடம் நின்றது. ஆறு பேர் இருக்கைகளிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஆட்டத்தை விட்டு வெளியேறலாம் என்று நடுவர்கள் சொன்னபோது, ஆடத்தான் வந்திருக்கிறோம் என்று இந்திய அணி மறுத்துவிட்டது.

சிட்னியில் இப்படி நடப்பது புதிதல்ல என்றும், இதைக் கடுமையாகக் கையாள வேண்டும் என்றும் தமிழ்நாட்டு வீரர் அஸ்வின் அன்று பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகவே பேசினார். மறுநாள் அதே அஸ்வின் முதுகு வலியோடு, காயமடைந்த ஹனுமா விகாரியோடு சேர்ந்து 250 பந்துகளுக்கு மேல் தாக்குப்பிடித்து ஆட்டத்தை டிரா செய்தார். அடுத்த பிரிஸ்பேன் டெஸ்டில் சிராஜ் ஐந்து விக்கெட் எடுத்தார். இந்தியா தொடரை வென்றது. இந்திய வீரர்கள் இனரீதியான வசவுக்கு ஆளானது உண்மையே என்று ஆஸ்திரேலிய வாரியம் விசாரணைக்குப் பிறகு ஒப்புக்கொண்டது. வெளியேற்றப்பட்ட அந்த ஆறு பேர் அதைச் செய்தவர்கள் அல்ல என்றும் கூறியது. கூட்டத்துக்குள் குற்றவாளியைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

இங்கே வீரர் செய்தது நான்கு காரியம். தானே தண்டிக்கப் போகவில்லை. அதற்கென்று இருப்பவர்களிடம் சொன்னார். விசாரிக்க நேரம் கொடுத்தார். பிறகு திரும்பி வந்து தன் வேலையைச் செய்தார். முல்தானில் கிளார்க்குக்கும் டொரான்டோவில் இன்சமாமுக்கும் இப்படி ஒரு வழி தெளிவாகத் திறந்திருக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அமெரிக்கக் கூடைப்பந்து சங்கம் ரசிகர்களுக்கான நடத்தை விதிகளை வகுத்தது ஆர்டெஸ்ட் கலவரத்துக்குப் பிறகுதான். கால்பந்தில் இனவெறிக் கூச்சல் எழுந்தால் முதலில் எச்சரிக்கை, அடுத்து இடைநிறுத்தம், கடைசியில் ஆட்டத்தையே கைவிடுவது என்ற மூன்று படிகள் வந்ததும் பிற்காலத்தில்தான். புகார் சொன்னால் யாராவது கேட்பார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் வீரனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியும்.

முடிவாக

சம்பளம் வாங்குகிறான், ஆகவே ஏச்சையும் வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆட்டம் சரியில்லை என்றால் குறை சொல்லும் உரிமை டிக்கெட் வாங்கியவருக்கு நிச்சயம் இருக்கிறது. 'அவுட்' என்று கத்தலாம், எதிரணி விக்கெட்டுக்கு ஆடலாம், பாடலாம். ஆனால் ஒருவருடைய நிறம், மதம், ஊர், உடல், தாய் ஆகியவற்றைப் பற்றிப் பேசும் உரிமையை எந்த டிக்கெட்டும் தருவதில்லை. கையில் இருப்பதை எறியும் உரிமையையும் தருவதில்லை.

வீரனின் பொறுமையைப் புகழ்வது சுலபம். அந்தப் பொறுமையைக் கூட்டத்தின் உரிமையாக எடுத்துக்கொள்வதுதான் தவறு. முரளி தாங்கினார், ஜடேஜா தாங்கினார், சிராஜ் தாங்கினார் என்று பட்டியல் போடும்போது, அவர்கள் ஏன் தாங்க வேண்டியிருந்தது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். சங்க காலத்துக் கூட்டத்தில் வெற்றி அவனுக்கு என்றவர்களும் இருந்தார்கள், இல்லை என்றவர்களும் இருந்தார்கள். அந்த இரண்டு பேச்சையுமே நல்ல பேச்சு என்றுதான் நக்கண்ணையார் சொல்கிறார். கிராமத்துக் கபடிப் போட்டியானாலும் சேப்பாக்கத்து டெஸ்டானாலும், கூட்டத்தின் பேச்சு அந்த அளவில் நின்றால் வீரனுக்கு அது போதும்.